பத்து மாதச் சர்க்கரை

மைசூரில் பதின்மூன்றரை வயதுப் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே முன்பின் தெரியாத பெரியவர்கள் இரண்டு பேர். அவர்கள் எதிரில் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் இன்னும் ஐந்து நிமிடம் மனக்கணக்கு, அதுவும் கழித்தல். பெரியவர்களுக்கே வியர்க்கும். பிள்ளை என்ன பேசியது, கணக்கு சரியா தப்பா என்பதில் ஆய்வாளர்களுக்கு அக்கறை இல்லை. பதற்றத்தில் அந்த உடம்பின் ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைத்தான் அவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள்.

பதற்றம் எல்லாருக்கும் வந்தது. ஆனால் 213 பேரில் 26 பேருக்கு ஏற்றம் கூடுதலாக இருந்தது. அவர்கள் வயிற்றில் இருந்தபோது தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்திருக்கிறது. தந்தைக்கு மட்டும் நீரிழிவு உள்ள பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. கிருஷ்ணவேணி, கரோலைன் ஃபால் உள்ளிட்டோர் 2015-ல் வெளியிட்ட முடிவு இது. அந்தப் பிள்ளைகள் நோயாளிகள் அல்ல. பள்ளிக்குப் போய், விளையாடி, சாதாரணமாக இருப்பவர்கள்.  நெருக்கியபோது இந்த வேறுபாடு தெரிந்தது.

அந்தத் தாய்மாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1997, 98-ல் மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனைக்குக் கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவர்கள். ஏழாவது மாதம் கடந்ததும் அவர்களுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து ரத்தம் பரிசோதித்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா, உடம்பு பருமனா என்று பார்த்துப் பொறுக்கியெடுக்காமல் எல்லாருக்கும் செய்தார்கள். 785 பேரில் 49 பேருக்குச் சர்க்கரை கூடுதல், அதாவது 6.2 சதவீதம். அவர்களுடைய குழந்தைகளை ஐந்து வயதில் பார்த்தபோது, பெண் குழந்தைகளின் உடலில் கொழுப்பு அதிகமாக இருந்தது. ஒன்பதரை வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறிகள் தலைகாட்டின. பிரசவ அறையிலேயே கோப்பை மூடி வைத்திருந்தால் இதில் ஒன்றும் வெளியே வந்திருக்காது.

தாயின் ரத்தத்தில் கூடும் சர்க்கரை குழந்தையின் இதயத்தை எப்படித் தொடுகிறது? இதற்கான அடிப்படை விளக்கத்தை 1950-களில் கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பெடர்சன் கொடுத்தார். குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. ஆகவே தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். அதைச் சமாளிக்கும் பொறுப்பு சிசுவின் சொந்தக் கணையத்தின் தலையில் விழுகிறது. மூன்றாவது மாதவாக்கிலேயே இன்சுலின் சுரக்கத் தொடங்கிவிடும் அந்தச் சின்னக் கணையம், சர்க்கரை வர வர மேலும் மேலும் சுரக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து மட்டும் அல்ல, வளரச் சொல்லும் கட்டளையும்கூட. கொழுப்பு சேர்கிறது, ஈரல் பெருக்கிறது, இதயத் தசையும் தடிக்கிறது.

தடிப்பது குறிப்பாக இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் இடையே உள்ள சுவர். சின்ன வீட்டில் நடுச்சுவரை இரண்டு பங்கு கனமாகக் கட்டிவிட்டால் இரு பக்கமும் அறை குறுகிப்போகுமே, அதுதான் நடக்கிறது. ரத்தம் நிரம்ப இடம் குறைகிறது, சில குழந்தைகளுக்கு இடது பக்கத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியே இடுங்கிவிடுகிறது. பிறந்த குழந்தை வேகமாக மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு எக்கோ எடுத்தால் திரையில் அந்தத் தடித்த சுவர் தெரியும். பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நிற்கிறது, இன்சுலின் வெள்ளம் வடிகிறது, சில மாதங்களில் சுவர் இயல்பான அளவுக்கு இறங்கிவிடுகிறது. சர்க்கரையை ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்த தாய்மாரின் குழந்தைகளிடம்கூட இந்தத் தடிப்பு காணப்பட்டிருக்கிறது. ஆகவே தடிப்பு தெரிந்தாலே, “நீ ஒழுங்கா இல்ல” என்று யாரும் தாயைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இதைவிடக் கடுமையானது, கர்ப்பம் தரிக்கும் முன்பே சர்க்கரை நோய் உள்ள பெண்களின் விஷயம். கரு உருவான மூன்றாவது வாரக் கடைசியில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டு வாரம் ஆவதற்குள் நான்கு அறைகளும் பெரிய குழாய்களும் அதனதன் இடத்தில் அமைந்துவிடும். வெறும் குழாயாக இருந்தது வளைந்து, மடங்கி, நடுவில் தடுப்புகள் எழும்பி இதயமாகும் அந்த நாட்களில் சர்க்கரை மிதமிஞ்சி இருந்தால் செல்களுக்குப் போகும் சமிக்ஞைகள் குழம்புகின்றன. தடுப்பில் ஓட்டை விழலாம், பெரிய குழாய்கள் இடம் மாறலாம். டென்மார்க்கில் 1978 முதல் 2011 வரை பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, 10,000 குழந்தைகளில் சுமார் 80 பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருந்தது. கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்த தாய்மாரின் குழந்தைகளில் அது 318, ஏறத்தாழ நான்கு மடங்கு.

சிக்கல் என்னவென்றால், எட்டு வாரத்துக்குள் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காது. நாள் தள்ளிப்போய், வீட்டில் கிட் வைத்துப் பார்த்து, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் இதயம் கட்டி முடிக்கப்பட்டுவிடும். ஆகவே இவர்களுக்கான வைத்தியம் கர்ப்பத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது என்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். நம் ஊரில் கல்யாணமான மூன்றாம் மாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சுகர் எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பெண்ணைக் கேட்கிற ஆள் அபூர்வம்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் வரும் நீரிழிவின் கதை வேறு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை வேண்டுமென்றே மந்தப்படுத்துகின்றன, சர்க்கரை குழந்தைக்குப் போய்ச் சேரட்டும் என்பதற்காக. எல்லாக் கர்ப்பிணிகளிடமும் நடப்பதுதான் இது. ஈடுகொடுக்க முடியாத கணையம் உள்ளவர்களுக்கு ஆறாவது மாதவாக்கில் சர்க்கரை எல்லை தாண்டுகிறது. அதற்குள் இதயத்தின் அமைப்பு முடிந்துவிட்டதால் ஓட்டை, குழாய் மாற்றம் போன்ற கோளாறுகளுக்குப் பெரிதாக வழியில்லை. பின்னே இருபது, முப்பது வருஷம் கழித்து ரத்தக் குழாயில் எப்படித் தடயம் தெரிகிறது?

தெரிகிறதா என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தக் கேள்விக்கு உலகிலேயே வசதியான நாடு டென்மார்க். அங்கே 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பிறப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, இறப்பு எல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவாகும். 1977 முதல் 2016 வரை பிறந்த 24 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இந்தப் பதிவேடுகள் வழியே தொடர்ந்த ஆய்வு 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. தாய்க்கு நீரிழிவு இருந்த பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே இதய, ரத்தக் குழாய் நோய் வரும் வேகம் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகம். கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு என்றால் 34, கர்ப்பகாலத்தில் மட்டும் என்றால் 19. தாய்க்கு நீரிழிவோடு இதய நோயும் இருந்தால் 60.

29 சதவீதம் என்றதும் வயிற்றைக் கலக்கும். அதே ஆய்வின் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நாற்பது வயதுக்குள் இந்த நோய்களில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் நீரிழிவுத் தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 17.8 பேர், மற்றவர்களில் 13.1 பேர். நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் கூடுதல். “இதய நோய்” என்று அவர்கள் எண்ணியதும் மாரடைப்பை மட்டும் அல்ல. ரத்த அழுத்தம், காலில் ரத்தம் உறைவது, நுரையீரலில் ரத்தக்கட்டி போய் அடைப்பது, இதயச் செயலிழப்பு எல்லாம் அதில் அடக்கம். உயர்வு அதிகமாகத் தெரிந்ததும் அழுத்தம் சார்ந்த நோய்களிலும் ரத்தக்கட்டியிலும்தான். “தாய்க்கு சுகர், பிள்ளைக்கு ஹார்ட் அட்டாக்” என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது இந்த ஆய்வு சொன்னது அல்ல.

சரி, பழியைச் சர்க்கரை மேல் போட முடியுமா? நீரிழிவு உள்ள தாய் தன் மரபணுவைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள், அதே அடுப்பில் சமைத்ததைத்தான் பிள்ளையும் சாப்பிடுகிறது. குடும்பமே பருமனாக இருக்கலாம். டென்மார்க் பதிவேட்டின் ஆரம்ப வருஷங்களில் தாயின் எடைகூட இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஆய்வாளர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா மக்கள் தங்களை அக்கிமெல் ஓடம் என்று அழைத்துக்கொள்பவர்கள். அவர்கள் பாசனம் செய்துவந்த ஆற்று நீரை மேலே குடியேறியவர்கள் மடக்கிக்கொண்ட பிறகு, விவசாயம் போய், அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் சாப்பாடாயிற்று. நீரிழிவு மிக அதிகமாகக் காணப்படும் சமூகங்களில் ஒன்றாக அது மாறியது. 1965 முதல் அங்கே நடந்த நீண்ட ஆய்வில் சில குடும்பங்கள் கிடைத்தன. தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் ஒரு பிள்ளை, வந்த பிறகு ஒரு பிள்ளை. அதே அம்மா, அதே அப்பா, அதே வீடு. டானா டபெலியா குழுவினர் 2000-ல் சொன்ன முடிவு: பின்னால் பிறந்தவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். உடல் நிறைக் குறியீடு சராசரியாக 2.6 அதிகம். தந்தைக்கு நீரிழிவு வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகளிடையே அப்படி ஒரு பிளவு இல்லை. மரபணு மட்டுமே காரணமாக இருந்தால் தந்தை பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? டென்மார்க் ஆய்விலும் உடன்பிறந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது முடிவு பெரிதாக மாறவில்லை. ஆக, மரபணுவுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அப்பால், கருப்பை தன் பங்குக்கு ஏதோ செய்கிறது.

என்ன செய்கிறது என்பதற்குச் சில துப்புகள் உண்டு. ரத்தக் குழாயின் உட்புறம் ஒற்றைச் செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து தசையைத் தளரச் செய்வது அதன் வேலை. சர்க்கரை நிறைந்த ரத்தத்தில் மாதக்கணக்கில் ஊறிய படலம் அந்த வாயுவைத் தேவையான அளவுக்குக் கொடுக்கத் திணறுகிறது. எலிகளில் செய்த சோதனைகளில் இது நன்றாகவே தெரிகிறது. நீரிழிவுத் தாய் எலியின் குட்டிகள் வளர்ந்த பிறகும் அவற்றின் குழாய்கள் சரியாக விரிவதில்லை. இன்னொரு துப்பு, மரபணுவின் எழுத்து மாறாமலேயே அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் வேதிக் குறிகள். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்பவை இவை. தாயின் சர்க்கரை அளவைப் பொறுத்து நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் இந்தக் குறிகள் மாறியிருப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் குறி மாறியது என்பதிலிருந்து, அதனால்தான் நாற்பது வயதில் பிரஷர் வந்தது என்பது வரை நீண்ட தூரம். இடையில் பாலம் இன்னும் கட்டப்படவில்லை. எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் விளக்கிவிடும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. இதையும் சேர்த்துத்தான்.

இங்கே இந்தியாவுக்கே உரிய ஒரு விசித்திரம் குறுக்கிடுகிறது. மைசூரின் அதே மருத்துவமனையில் 1934-லிருந்து குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1934-க்கும் 1954-க்கும் இடையே அங்கே பிறந்தவர்களை நடுத்தர வயதில் தேடிப்பிடித்துப் பரிசோதித்தபோது, இதயத் தமனி நோய் எடை குறைந்து பிறந்தவர்களிடம்தான் அதிகம் இருந்தது. அதாவது வயிற்றில் பட்டினியும் இதயத்துக்குக் கேடு, வயிற்றில் சர்க்கரை வெள்ளமும் கேடு. இரண்டும் நம்மூரில் ஒரே குடும்பத்தில், அடுத்தடுத்த தலைமுறையில் சந்திக்கின்றன. எடை குறைந்து பிறந்த பெண் குழந்தை வளர்ந்து, ஓரளவு வசதி வந்து, அரிசிச் சோறு நிறைந்த தட்டும் நடக்கத் தேவையில்லாத நாளும் வாய்க்கும்போது அவளுடைய உடல் ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கிறது. கர்ப்பத்தில் அவளுக்குச் சர்க்கரை ஏறுகிறது, அடுத்த குழந்தை அந்தச் சர்க்கரையில் வளர்கிறது.

புணேயில் மருத்துவர் யாஜ்னிக் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. ஆனால் தசையும் உறுப்புகளும் சிறுத்த அளவுக்கு நம் குழந்தைகளின் கொழுப்பு சிறுக்கவில்லை. மெலிந்த உடம்பில் மறைந்த கொழுப்பு. ஆகவே மூன்றரைக் கிலோவில் ஒரு குழந்தை பிறந்து, சுற்றமெல்லாம் “கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டுடும்” என்று கன்னத்தில் பொட்டு வைக்கும்போது, டாக்டர் மட்டும் தாயின் சர்க்கரைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அடிக்கடி குதிகாலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதும் இதனால்தான். அம்மாவின் வரத்து நின்ற பிறகும் குழந்தையின் கணையம் பழைய வேகத்திலேயே சுரந்துகொண்டிருந்தால் குழந்தைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரசவம் வரைக்கும் பதில் தெளிவு. 2005-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 1,000 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை, சர்க்கரைக் கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின் கொடுத்தார்கள். குழந்தைக்கு நேரும் கடுமையான சிக்கல் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக இறங்கியது. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை நான்கைந்து வயதில் எடைபோட்டபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற ஆய்வின் பிள்ளைகளை ஐந்து முதல் பத்து வயதில் பார்த்தபோதும், பெண் குழந்தைகளின் வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் குறைந்திருந்ததைத் தவிரச் சொல்லும்படி எதுவும் இல்லை.

இதை ஏமாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். என் கணிப்பு வேறு. அந்தத் தாய்மாருக்கு லேசான நீரிழிவுதான் இருந்தது. வைத்தியம் தொடங்கியதே கர்ப்பத்தின் பாதியைத் தாண்டி. ரத்தக் குழாயின் வயோதிகத்தை ஏழு வயதுப் பிள்ளையிடம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பதின்மூன்றரை வயதில் மைசூர்க் குழு அந்நியர் முன் நிறுத்திக் கணக்குப் போடச் சொன்னபோது வேறுபாடு தெரிந்தது என்பதை மறக்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் சகாக்களும் இங்கே பெரிய அளவில் பரிசோதனை நடத்தி 2008-ல் சொன்ன எண்கள், கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 கர்ப்பிணிகளுக்கு, சிறு நகரங்களில் 14 பேருக்கு, கிராமத்தில் 10 பேருக்கு. இத்தனை பேரை வெறும் வயிற்றில் வரவழைத்து மூன்று முறை ரத்தம் எடுப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்காத காரியம். இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணியை, “சாப்பிட்டுட்டியா? அப்போ நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பினால் அவள் மறுநாள் வர மாட்டாள். ஆகவே அவர்கள் முறையை எளிதாக்கினார்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை. முதல் முறை வரும்போதே ஒரு தடவை, ஆறாவது மாதவாக்கில் மறுபடி. மத்திய அரசின் வழிகாட்டியும் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. வெறும் வயிற்றுப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் சிலரைத் தவறவிடுகிறது என்று வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் வராமல் போனவளின் ரத்தத்தை எந்த உயர்ந்த முறையாலும் பரிசோதிக்க முடியாது.

பரிசோதனையில் சர்க்கரை என்று வந்துவிட்டால் பெரும்பாலானோருக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையும் போதும். சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, கீரை, காயைக் கூட்டி, மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்துச் சாப்பிடுவது. “ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்” என்று தட்டில் இன்னொரு கரண்டி வைக்கும் மாமியாரிடம் இதை யார் சொல்வது என்பது தனிப் பிரச்சினை. இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் மருந்தோ இன்சுலினோ. இன்சுலின் ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது என்று பயப்படுகிறவர்களுக்கு பெடர்சனின் பழைய வாக்கியமே பதில்: சர்க்கரைதான் நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது.

பிரசவத்துக்குப் பிறகுதான் நம் ஏற்பாடு கைவிடுகிறது. தாயின் சர்க்கரை பெரும்பாலும் உடனே இறங்கிவிடும். “போயிடுச்சு” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கும், கைக்குழந்தையோடு யார் போவது? கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் ஆபத்து மற்ற பெண்களைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அவளுக்கே இதய நோய் ஆபத்து இரண்டு மடங்கு. அடுத்த குழந்தையின் இதயம் உருவாகும் அந்த எட்டு வாரத்தில் அவள் சர்க்கரை எங்கே இருக்கிறது என்பது இந்த ஒரு பரிசோதனையைப் பொறுத்தது.

பிள்ளைக்கு வேண்டியதோ இன்னும் குறைவு. தாய்ப்பால், ஓடியாட இடம், எடை கூடுகிறதா என்று ஒரு கண், மூன்று வயதிலிருந்து வருஷம் ஒரு தடவை குழந்தைகளுக்கான பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம். சளிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டரிடம் போகும்போதே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை வளர்ந்து இருபத்தைந்து வயதில் முதல் தடவை பிரஷருக்காக டாக்டர் முன் உட்காரும்போது அவர், அப்பாவுக்கு பிரஷர் உண்டா, அம்மாவுக்கு சுகர் உண்டா என்று கேட்பார். உன்னைச் சுமந்தபோது அம்மாவுக்கு சுகர் இருந்ததா என்று கேட்பவர் இன்னும் குறைவு. கேட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் அது இருக்கிறது, அதைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்தால் போதும்.